சிறுவனும் வித்துவானும் ஒரே வட்டத்தில்

கிற்றார்க் கூட்டிசையிலே தோன்றிய ஒரு புதுநெறி

இசைக்கருவிகளுட் சில கூட்டத்தோடு வாழ்பவை. சில தனிமையை விரும்புபவை. தவிலையும் நாதசுரத்தையும் பிரித்து எண்ணிப் பார்ப்பதும் நமக்கு அரிது. மேனாட்டு வயலினோ, பத்திருபது பேர் அணிவகுத்திருந்து ஒருமிக்க வாசிக்கும் கருவி. கிற்றாரின் நிலை வேறு. பாடுவோருக்குத் துணையாக அஃது ஒலிப்பதுண்டு. ஆயினும், அதனை முறையாகப் பயில்பவர் பெரும்பாலும் ஓர் அறையின் மூலையிலே, மடிமீது கருவியை அணைத்துக்கொண்டு, தமக்குத் தாமே வாசித்துக்கொள்பவராகவே இருக்கின்றார்.

இத்தனிமையினால் விளையும் தீங்கு சிறிதன்று. வயலின் பயிலும் ஒரு சிறுமி, சில ஆண்டுகளிலே பாடசாலை வாத்தியக் குழுவின் பின்வரிசையில் ஓர் ஆசனத்தைப் பெற்றுவிடலாம். அவள் சில சுரங்களைத் தவறவிட்டாலும் பக்கத்திலிருப்போர் அவளைத் தாங்கிக்கொள்வர். அவ்வாறு தாங்கப்பட்டே அவள் தேர்ச்சியடைகின்றாள். கிற்றார் பயிலும் சிறுவனுக்கோ பின்வரிசை என்பதொன்று இல்லை. மேடையேறினால் தனித்தே ஏறவேண்டும். இல்லையேல் வீட்டோடு இருக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதொரு வாயிலைக் காணாமையினாலே, ஓரளவு வாசிக்கக் கற்ற பின்னரும் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு மறந்தோர் எத்தனையோ பேர்.

அந்த மூன்றாவது வாயிலைத் திறந்துவைத்த இசையைப்பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம். வாசிப்போர் இத்தனை பேர்தாம் என்ற கட்டாயம் இதில் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் திறனுக்கேற்ற பங்கை எடுத்துக்கொள்ளலாம். புதிதாய்ப் பயில்பவனையும் மேடைகண்ட வித்துவானையும் ஒரே வட்டத்தில் இருத்துவதே இதன் இயல்பு. மேனாடுகளிலே 1960ஆம் ஆண்டுகள் தொடக்கம் இத்தகைய ஆக்கங்கள் பெருகலாயின. வசதி கருதி இதனை 'நெகிழ்விசை' என்று அழைப்போம்.

ஒருமிக்க மீட்டுவதில் உள்ள இடர்

இன்று நாம் காணும் கிற்றாரின் வடிவத்தைப் பெரும்பாலும் நிலைநிறுத்தியவர், 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்தில் வாழ்ந்த அந்தோனியோ டி தொறெஸ் என்னும் கைவினைஞர் (1817–1892). தந்திகள் ஆறு, அவற்றின் நீளம் ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர். சிறிய அறையிலே இனிதாய்க் கேட்கும் அதன் மெல்லிய குரல், எக்காளமும் பேரிகையும் முழங்கும் பெரிய வாத்தியக் குழுவிலே அமுங்கிப்போகும். அக்குழுக்களில் அதற்கு நிலையான ஆசனம் கிடையாமைக்கு இது முக்கியமான காரணம்.

'அப்படியாயின், கிற்றார்கள் இருபதை ஒன்றுசேர்த்தால் என்ன?' என்று வாசகர் வினவலாம். அங்கே வேறோர் இடர் காத்திருக்கின்றது. வில்லினால் இழைக்கும் சுரம் மெல்லத் தொடங்கி வளர்வது. இருவர் தொடங்கும் கணம் சிறிது வேறுபட்டாலும் காது அதனை மன்னித்துவிடும். விரலால் மீட்டும் சுரமோ, மீட்டிய கணத்திலேயே உச்சத்தை எட்டி, உடனே தேயத் தொடங்குவது. ஆகவே, இருபது பேர் ஒரே சுரத்தை மீட்டும்போது, ஒருவர் இமைப்பொழுது முந்தினாலும் பிந்தினாலும் அது வெளிப்பட்டுவிடும். தகரக் கூரையிலே சரளைக் கற்களைச் சொரிந்தாற்போல ஒலி சிதறும். தொழிற்கலைஞர் இடையறாப் பயிற்சியினால் இதனை ஒருவாறு வெல்வர். வேலைமுடிந்து வாரத்தில் ஒருநாள் கூடும் ஆர்வலர் என்செய்வர்?

'இன்னும் திருந்த வாசியுங்கள்' என்பதே பழைய முறை அவர்களுக்குக் கூறிய விடை. சிதறுவது கிற்றாரின் இயல்பாயின், அச்சிதறலையே அழகாக்குவோம் என்று நெகிழ்விசை கூறிற்று. அதன் சிறப்பு முழுவதும் இந்த ஒரு விடையிலே அடங்கியிருக்கின்றது.

ஐம்பத்துமூன்று சிறு தொடர்கள்

இந்நெறிக்கு வழிகாட்டியாய் அமைந்த ஆக்கமொன்று, 1964ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆந் திகதி, அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரிலே அரங்கேறியது. அதனை ஆக்கியவர் ரெரி றைலி. அதன் பெயர் 'இன் சீ'. மேனாட்டார் 'சீ' எனப் பெயரிட்டு வழங்கும் சுரத்தை ஆதாரமாகக் கொண்டது என்பது பொருள். அது கிற்றாருக்கென்றே எழுதப்பட்டதன்று; எந்தக் கருவியும் அதில் இடம்பெறலாம்.

முழு ஆக்கமும் ஒரே தாளில் அடங்கிவிடும். ஒன்று முதல் ஐம்பத்துமூன்று வரை இலக்கமிட்ட சிறு சுரத்தொடர்கள் அதில் எழுதப்பட்டுள்ளன. எல்லோரும் அதே தொடர்களை அதே ஒழுங்கில் வாசிக்கவேண்டும். ஆனால், ஒவ்வொரு தொடரையும் எத்தனை தரம் திரும்பத் திரும்ப வாசிப்பது என்பதை அவரவரே தீர்மானிக்கலாம். ஒருவர் மாத்திரம் 'சீ' சுரத்தை உயர்ந்த தானத்திலே இடைவிடாது, சீராக ஒலித்துக்கொண்டிருப்பார். நமது கச்சேரியிலே சுருதியும் தாளமும் செய்யும் பணியை அந்த ஒற்றைச் சுரம் செய்கின்றது. முதல் அரங்கேற்றத்தில் வாசித்தோருள் ஒருவரும், பின்னர்ப் பெரும் புகழ் எய்தியவருமான ஸ்டீவ் றைஷ் என்பவரே இந்த ஏற்பாட்டை றைலிக்குச் சொன்னவர்.

ஏறத்தாழ முப்பத்தைந்து பேர் கூடுவது நன்று. குறைந்தாலும் மிகுந்தாலும் தடையில்லை. பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒன்றரை மணிவரை அது நீடிக்கும். இவ்வளவு சுதந்திரத்துக்கும் சில வேலிகள் உண்டு. எவரும் மற்றவர்களினின்றும் இரண்டு மூன்று தொடர்களுக்கு மேல் முந்தவோ பிந்தவோ கூடாது. இடையிடையே தம் வாசிப்பை நிறுத்திப் பிறர் வாசிப்பைச் செவிமடுக்கவேண்டும். ஐம்பத்துமூன்றாந் தொடரை முதலில் அடைந்தவர், கடைசியாள் வந்துசேரும்வரை அங்கேயே நின்று அதனை வாசித்துக்கொண்டிருக்கவேண்டும்.

தேர்வடம் இழுப்பதை இதற்கு உவமை கூறலாம். பயில்வானும் அதனைப் பிடிக்கின்றான். தந்தையின் காலடியில் நிற்கும் பாலகனும் பிடிக்கின்றான். இருவர் வலிமையும் ஒன்றன்று. ஆயினும், நகர்வது ஒரே தேர்; அதை இழுத்தோம் என்ற மகிழ்ச்சியும் இருவருக்கும் ஒன்றே. இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரைச் சேர்ந்த ஏட்ரியன் அற்லி என்னும் கலைஞர், மின்கிற்றார் வாசிப்போர் பலரை ஒன்றுசேர்த்து அமைத்த குழுவைக்கொண்டு இவ்வாக்கத்தை வாசித்து, 2013ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளியிட்டார். வெவ்வேறு கணங்களில் மீட்டப்பெறும் தந்தியொலிகள் ஒன்றன்மேலொன்றாய்ப் படியும்போது, எவரும் எழுதிவைக்காத புதிய சந்தங்கள் பிறக்கின்றன.

வழி தவறியவர் என் செய்வது?

ஆர்வலர் மனத்தை வாட்டும் அச்சம் ஒன்றுண்டு. நடுவிலே இடந்தவறிவிட்டால் என்செய்வது என்பதே அது. அவ்வச்சத்தையே விளையாட்டாக்கியவர் பிரடெரிக் ஷெவ்ஸ்கி (1938–2021) என்னும் அமெரிக்கர். 1969ஆம் ஆண்டிலே அவர் ஆக்கியது 'பனூர்ஜின் ஆடுகள்'. ஓர் ஆடு கடலில் வீழ, மந்தை முழுவதும் அதன்பின்னே வீழ்ந்ததாகப் பழைய பிரெஞ்சுக் கதை ஒன்று உண்டு. அக்கதையிலிருந்து வந்த பெயர் அது.

அறுபத்தைந்து சுரங்களைக் கொண்ட ஒரு மெட்டு, அவ்வளவுதான் ஆக்கம். முதலில் முதற் சுரத்தை மாத்திரம் வாசிக்கவேண்டும். பின்பு ஒன்று, இரண்டு; பின்பு ஒன்று, இரண்டு, மூன்று; இவ்வாறு ஒவ்வொரு தடவையும் ஒரு சுரம் கூட்டி, தொடக்கத்திலிருந்தே வரவேண்டும். அறுபத்தைந்தும் நிறைந்தபின்னர், முன்னிருந்து ஒவ்வொன்றாய்க் குறைத்துக்கொண்டு வந்து, இறுதிச் சுரத்தில் முடிக்கவேண்டும். கணிதம் பயிலும் மாணவர் இதனைக் கூட்டிப் பார்க்கலாம். ஏறுமுகத்தில் மட்டும் 2145 சுரங்கள், இறங்குமுகத்தில் 2080. மொத்தம் 4225. அறுபத்தைந்தை அறுபத்தைந்தாற் பெருக்கினால் வரும் தொகையும் அதுவே.

இத்தனை சுரங்களையும் விரைவாக, ஒருவரோடொருவர் ஒத்து வாசித்து வழி தவறாதிருப்பது வித்துவான்களுக்கும் அரிது. அதனை ஆக்கியோன் நன்கறிவார். ஆகவே, தவறியவர் தவறிய இடத்திலிருந்தே தொடர்க என்றும், மந்தையைத் தேடி ஓடற்க என்றும் விதித்துவிட்டார். ஒருவர் தவறத் தவற, ஒற்றை மெட்டு இரண்டாகி, மூன்றாகி, பலவாகிக் கிளைவிடுகின்றது. இசைப்பயிற்சியே இல்லாதாரும் கைக்கெட்டிய பொருளைத் தட்டி ஒலியெழுப்பிப் பங்குகொள்ள இடம் வைத்திருக்கின்றார்.

அதே 1969ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரிலே கோர்ணீலியஸ் கார்டியூ என்பவர், நண்பர் இருவரோடு சேர்ந்து, பயின்றோரும் பயிலாதோரும் கலந்த ஒரு வாத்தியக் குழுவை நிறுவினார். கடினமான நவீன இசைக்கும் அவர் அஞ்சியவரல்லர். பிரான்சு தேசத்துப் பியேர் பூலேயின் ஆக்கமொன்று 1957ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, அதிற் பங்குகொள்வதற்காகவே அவர் கிற்றார் கற்றார்.

ஒல்லாந்து தேசத்து லூயி அந்திரீசன் (1939–2021) 1975ஆம் ஆண்டில் எழுதிய 'தொழிலாளர் சங்கம்' என்னும் ஆக்கம் வேறோர் ஏற்பாட்டை உடையது. ஓங்கி ஒலிக்கும் எக்கருவிகளும் அதில் இடம்பெறலாம். தாளம் நுணுக்கமாக வரையறுக்கப்பட்டுள்ளது; எல்லோரும் அதில் ஒத்துச் செல்லவேண்டும். சுரங்களுக்கோ மேலே செல்க, கீழே இறங்குக என்ற குறிகள் மாத்திரமே உண்டு. எந்தச் சுரம் என்பது வாசிப்பவர் தெரிவு. ஒவ்வொருவரும் தம் பங்கு இன்றியமையாதது என்ற உறுதியோடு வாசித்தாலன்றி இது வெற்றிபெறாது என்பது ஆக்கியோன் கருத்து. சங்கங்களுக்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தாதோ!

தந்திகளிலே பெய்த மழை

மேலே கூறியவை எக்கருவிக்கும் உரியன. கிற்றாரின் உள்ளத்தை அறிந்து, அதற்கென்றே கூட்டிசை எழுதியவர்களுள் தலைசிறந்தவர் கியூபா நாட்டு லியோ புறோவர். அவர் 1939ஆம் ஆண்டிலே ஹவானாவிற் பிறந்தவர். வாசிப்பாளர், இசையமைப்பாளர், வாத்தியக் குழு நடத்துனர் ஆகிய மூன்று துறையிலும் பெயர்பெற்றவர். அவர் எழுதிய இருபது 'எளிய பயிற்சிகள்' கிற்றார் மாணவர் பலர் பயில்பவை. 1961ஆம் ஆண்டிலே போலந்தின் வார்சோ நகரில் நடைபெற்ற புதிய இசை விழாவுக்குச் சென்று, அக்காலத்துப் புதுமைகளைக் கேட்டு, அவற்றால் ஈர்க்கப்பட்டுத் திரும்பினார்.

நான்கு கிற்றார்களுக்காக அவர் 1984ஆம் ஆண்டில் எழுதியது 'மழையோடு கூடிய கியூபா நிலக்காட்சி'. பெரிய குழுக்களும் அதனை வாசிப்பதுண்டு. தொடக்கத்திலே அங்கொன்று இங்கொன்றாகச் சில சுரங்கள் விழுகின்றன. கோடை மழையின் முதற்றுளிகள் முற்றத்துப் புழுதியில் விழுவதைப் போன்று. பின்பு துளிகள் நெருங்குகின்றன. நால்வர் விரல்களும் பின்னிப் பிணைகின்றன. புயல் வலுக்கும் இடத்திலே சில சுரங்களை ஒரு கட்டத்துள் எழுதி, அவற்றை அவரவர் விரும்பிய வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிக்குமாறு விட்டுவிடுகின்றார். அவ்விடத்தில் ஒருவரோடொருவர் ஒத்துச் செல்லாமையே வேண்டப்படுகின்றது. மழைத்துளிகள் தாளக்கட்டுக்கு உட்பட்டா விழுகின்றன?

கிற்றார்கள் பல கூடும்போது ஒலி சிதறும் என்று முன்னர்க் குறிப்பிட்டோம். குறையாய் இருந்த அச்சிதறலே இங்கு மழையாகிவிட்டது. தகரக் கூரையில் விழுந்த சரளைக்கல் பயிரை நனைக்கும் தூறலாகிவிட்டது.

நானூறு பேர் கூடிய இரவு

நால்வருக்கு இயன்றது நானூறு பேருக்கு இயலுமா? அதனையும் செய்து பார்த்தனர். அமெரிக்கரான கிளென் பிராங்கா (1948–2018) நூறு மின்கிற்றார்களுக்கென ஒரு பேரிசையை ஆக்கி, 2001ஆம் ஆண்டு யூன் மாதம் 13ஆந் திகதி நியூயோர்க் நகரின் உலக வர்த்தக மைய முற்றத்திலே அரங்கேற்றினார். அந்தக் கோபுரங்கள் இரண்டும் அதற்குப்பின் மூன்று மாதங்கூட நிற்கவில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

றீஸ் சற்றம் என்னும் மற்றோர் அமெரிக்கர், பரிஸ் நகரசபையின் வேண்டுகோளுக்கிணங்க, 2005ஆம் ஆண்டில் அந்நகரத்துத் திருவிருதயப் பேராலயத்திலே நானூறு மின்கிற்றார்களைக் கூட்டி வாசிக்கச் செய்தார். 2009ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே திறந்தவெளியில் அதன் வேறொரு வடிவம் இருநூறு கிற்றார்களோடும் பதினாறு மந்தரக் கிற்றார்களோடும் நடைபெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் அங்கு நடக்கவிருந்த நிகழ்ச்சி மழையினாலே நின்றுபோயிற்று. வாசித்தோர் தாமாக முன்வந்த தொண்டர்கள். தொழிற்கலைஞரும் இருந்தனர், ஓய்வுநேரத்தில் வாசிப்போரும் இருந்தனர். அணி அணியாகப் பிரித்து, ஒவ்வோரணிக்கும் ஒரு தலைவரை வைத்து அவர்களை நடத்தினர். ஒருவர் வாசித்ததை எவரும் தனியே பிரித்துக் கேட்டிருக்க முடியாது. ஆயினும், ஒவ்வொருவரும் மெல்ல மீட்டிய சுரங்கள் சேர்ந்து, ஆலய மண்டபத்தை நிறைக்கும் ஒரே நாதமாயின.

கூட்டாளிகள் கிடையாதவரும் உண்டல்லவா? முன்னர்க் கூறிய ஸ்டீவ் றைஷ், பற் மெத்தினி என்னும் கிற்றார்க் கலைஞருக்காக 1987ஆம் ஆண்டில் எழுதிய 'மின் எதிரிசை' அவர்களுக்கு உதவும். பத்துக் கிற்றார்களின் பங்கையும் இரண்டு மந்தரக் கிற்றார்களின் பங்கையும் ஒருவரே முன்கூட்டி ஒலிப்பதிவு செய்துகொண்டு, பதினோராவது பங்கை மேடையிலே வாசிக்கலாம். ஆட்கள் கிடைப்பின் எல்லாப் பங்குகளையும் நேரிலேயே வாசிக்கலாம்.

எளிமை இழிவாகுமா?

'யாவரும் வாசிக்கத்தக்க இசை உயர்ந்த இசையாகுமா? வித்துவானை இறக்கித்தானே சிறுவனை ஏற்றுகின்றீர்கள்?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே.

நல்ல நெகிழ்விசை எவரையும் இறக்குவதில்லை. பங்குகளைப் பகிரும் முறையிலே அதன் நுட்பம் இருக்கின்றது. ஒரு விரலையே குறுக்கே கிடத்தி ஆறு தந்திகளையும் ஒருங்கே அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டு, பழக்கமற்ற பிள்ளையின் கையை நோகச் செய்யும். அதே கூட்டை மூன்று பிள்ளைகளுக்கு இவ்விரண்டு தந்திகளாகப் பகிர்ந்தால், ஒவ்வொருவருக்கும் அஃது இரு விரல் வேலையாகிவிடும். காதிலே விழுவதோ முழுக் கூட்டு. தொடக்கநிலை மாணவன் அழுத்தாத வெறுந்தந்தியை மீட்டலாம். பன்னிரண்டாங் கட்டையின் மேலே விரலை மெல்லத் தொட்டு, மணிபோன்ற ஒலியை எழுப்பலாம். கருவியின் பலகையைத் தட்டித் தாளமிடலாம். அதே வேளையில் வித்துவான் தம் விரல்வன்மை முழுவதையும் காட்டும் பங்கும் அங்கே இருக்கும்.

உண்மையில், வித்துவானுக்கு இங்கே சோதனை பெரிது. விரைந்து வாசிக்க வல்லவர், பிந்திவருபவருக்காகக் காத்திருக்கவேண்டும். உரத்து வாசிக்க வல்லவர், மெல்லிய ஒலி கேட்கும்படி தம் கையை அடக்கவேண்டும். 'இன் சீ'யில் ஒருவர் முந்தி ஓடினால், அவர் எத்துணைத் திறமையாளராயினும் இசை கெட்டுவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்கினாலும் அவ்வாறே. செவிமடுத்தல் என்னும் பண்பையே இவ்விசை இருவரிடத்தும் வேண்டி நிற்கின்றது. அப்பண்பு தனியறையில் எத்தனை ஆண்டு பயின்றாலும் வருவதன்று.

இங்கிலாந்திலே 1993ஆம் ஆண்டில், ஆர்வலர் சமகால இசையை வாசிப்பதற்கென்றே ஓர் அமைப்பு தோன்றியது. பின்னர் அதன் பெயரையே 'யாவருக்கும் சமகால இசை' என்னும் பொருள்பட மாற்றிக்கொண்டனர். பெயர்பெற்ற இசையமைப்பாளர்களிடம் சென்று, எந்தக் கருவிகள் வந்தாலும், எந்த அளவு தேர்ச்சியுடையோர் வந்தாலும் வாசிக்கத்தக்க ஆக்கங்களை எழுதித்தருமாறு அது கேட்டு வாங்கிற்று. அவர்களும் அதனை இழிவெனக் கருதாது எழுதினர்.

வெறுந்தந்தியில் ஐந்து சுரங்கள்

இதனை வாசிக்கும் மாணவர், வீட்டிலேயே சிறிது சோதித்துப் பார்க்கலாம். கிற்றாரின் மூன்றாந் தந்தியைச் ஷட்ஜமாகக் கொள்ளுங்கள். அப்போது ஐந்தாந் தந்தி சதுச்சுருதி ரிஷபம். இரண்டாந் தந்தி அந்தர காந்தாரம். நாலாந் தந்தி பஞ்சமம். முதலாந் தந்தியும் ஆறாந் தந்தியும் சதுச்சுருதி தைவதம். அஃதாவது, இடக்கையால் எத்தந்தியையும் அழுத்தாமலே நம் மோகன இராகத்தின் ஐந்து சுரங்களும் கிடைத்துவிடுகின்றன! தானங்கள் மேலுங்கீழுமாய் இருக்கும், கமகமும் இராது. ஆகவே அது முழு இராகமாகிவிடாது. ஆனால், இவ்வைந்தில் எவை சேர்ந்து ஒலித்தாலும் செவிக்குக் கடுமையாய் இராது. முதல்நாள் கருவியைத் தொட்ட பிள்ளையும் அஞ்சாமல் மீட்டலாம்.

மூவரோ, எண்மரோ கூடுங்கள். முதலிலே எல்லாக் கருவிகளையும் ஒரே சுருதிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மூன்றாந் தந்தியைச் சீராக மீட்டிக்கொண்டிருக்கட்டும். ஏனையோர் ஐந்து சிறு தொடர்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது தொடர் ஷட்ஜம் மட்டும். இரண்டாவது ஷட்ஜமும் பஞ்சமமும். மூன்றாவது காந்தாரம், ஷட்ஜம், ரிஷபம். நாலாவது இரண்டு தைவதங்கள். ஐந்தாவது ஆறாந் தந்தி முதல் முதலாந் தந்திவரை ஒவ்வொன்றாய், ஆறுதலாக. ஒவ்வொரு தொடரையும் விரும்பிய அளவு திரும்ப வாசித்து அடுத்ததற்குச் செல்லுங்கள். அயலாரை விட்டு இரண்டு தொடருக்கு மேல் விலகாதீர்கள். நன்கு பயின்றவர் உங்களிடையே இருப்பின், அவர் மேற்கட்டைகளிலே மோகனத்தை விரிவாக வாசிக்கட்டும். எல்லோரும் ஐந்தாவதை அடைந்தபின்னர், ஒருவர்பின் ஒருவராக ஓய்ந்து, சீராக ஒலிக்கும் அந்த ஒற்றைத் தந்தியோடு முடியுங்கள்.

பத்து நிமிடமே செல்லும். அப்பத்து நிமிடத்திலே தம்பி அக்காளுக்காகக் காத்திருப்பான். அக்காள் தந்தைக்காகக் காத்திருப்பாள். கலையிலே உயர்ந்த சிகரங்கள் என்றும் வேண்டும். தனித்து ஏறுவோர் அவற்றில் ஏறுக. அடிவாரத்திலே நிற்போரும் இசைக்கு உரியவரே. அவர்களுக்கும் ஒரு பின்வரிசை வேண்டும். சுவரிலே தூங்கும் கிற்றார் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்குமாயின், அதனை இறக்கித் தூசு துடைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அவன் கருவியோடு அழைத்து வாருங்கள்.